சென்னையில் எம்.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி. படிக்கிறீர்களா? ஃபைல், காலண்டர், கொஞ்சம் அலைச்சல்

எங்கள் துறையில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு, சாவி அலுவலக உதவியாளர் இடுப்பில். அவர் லீவு போட்டால் பலகையும் லீவு. எம்.ஏ. முதலாண்டில் நான் பார்த்த முதல் ஃபெல்லோஷிப் அறிவிப்பு அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது, கடைசித் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கேட்டதற்கு, "கடுதாசி வந்ததே போன வாரம்தாம்பா" என்றார்.

அதற்கப்புறம் எட்டு வருடம் இந்த ஊரிலேயே எம்.ஏ., பிஎச்.டி. என்று சுற்றியதில் எனக்குப் புரிந்தது, சென்னையில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை தேதி வைத்து வரும், வரும்போது கையெழுத்தும் முத்திரையும் போட்ட காகிதம் கேட்கும். நான் தவறவிட்டதில் பாதி, இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறேன் என்று சொல்லும் ஒரு போனஃபைடு சான்றிதழ் நேரத்துக்குக் கைக்கு வராததால் போனவை. அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: ஃபைல்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல், கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர், இரண்டும் வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், போட்டோ, வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தின் ஸ்கேன். ஒவ்வொன்றையும் பெரிய அளவில் ஒன்று, 200 கேபிக்குள் சுருக்கி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்கு எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது.

பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் நிறையப் பேர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. நம்மிடம் இருக்கும் தமிழ்நாடு அரசின் சாதிச் சான்றிதழ் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) போன்ற மத்திய அரசுத் தேர்வுகளில் ஓ.பி.சி. சலுகைக்குப் போதாது. ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் சான்றிதழ் (குடும்பம் வசதி வரம்பைத் தாண்டவில்லை என்பதற்கானது) தனியாக, மத்திய அரசு படிவத்தில், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேஜை மேஜையாக நகர்ந்து வரும், நடுவில் ஒருவர் விடுப்பில் இருப்பார். ஏப்ரல் பிறந்ததும் போட்டுவிடுங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை.

அடுத்தது இனிஷியல். நமக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கவிதா எஸ்., ஆதாரில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கவிதா சண்முகம், முதல் கட்டுரையில் எடிட்டர் மாற்றிப்போட்ட சண்முகம் கவிதா. இதை ஒரு கற்பனைப் பெயரை வைத்துச் சொல்கிறேன், ஆனால் என் கதையும் இதேதான், என் முதல் இரண்டு கட்டுரைகளும் கூகுள் ஸ்காலரில் இன்று வரை இரண்டு தனி ஆட்களாக அலைகின்றன. கட்டுரை எழுதும் முன்பே பெயரை எப்படிப் போடுவது என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற வடிவத்தையே எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிறகு வெளிநாட்டு அழைப்புக் கடிதம், விசா என்று எல்லாம் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். அன்றைக்கே ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண்ணும் வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. பெயர் எப்படிச் சிதறினாலும் அந்த எண் உங்களை ஒரே ஆளாகக் கட்டி வைக்கும்.

படி 2: காலண்டர்

மளிகைக்கடையில் கொடுக்கும் தினசரிக் காலண்டரே போதும். வருடத்துக்கு வருடம் தேதி கொஞ்சம் முன்பின் ஆகும், மாதம் பெரும்பாலும் மாறாது.

யு.ஜி.சி. நெட் வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சி. எம்.ஏ. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம், இதைத் தெரியாமல் ஒரு வருடம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது, எனவே ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், அங்கே கழியும். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று விதமாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். கடைசி இரண்டு வகையில் வந்தவர்களுக்கு பிஎச்.டி. சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும், வாங்கி வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள்.

பிப்ரவரியில் கேட் (GATE) தேர்வு, அதற்கு விண்ணப்பம் முந்தின ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு நவம்பரில் கதவு மூடும். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இது அருமையான விஷயம், இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் உட்காரலாம், உதவித்தொகை உண்டு. ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெல்லோஷிப் எம்.எஸ்சி., எம்.ஏ. முதலாண்டு மாணவர்களையும் எடுக்கிறது. "ஐஐடி நமக்கெல்லாம் எங்கே" என்று கலைப் பாடக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அங்கே ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறை ஒன்று நன்றாகவே நடக்கிறது.

இது போக, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பக்கத்தை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதித் தேர்வை நடத்தியது அந்த வாரியம்தான்.

படி 3: கைடு

பிஎச்.டி. யோசிப்பவர்களுக்கு. மற்றவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

தலைப்பைவிட கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, முக்கியம். அவர் எழுதிய கட்டுரைகளைப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரி, படியுங்கள். அதோடு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைத் தேடுங்கள். பல ஆய்வேடுகளுக்குப் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் அங்கேயே இருக்கும். ஒருவரிடம் நான்கு பேர் முடித்திருக்கிறார்கள், நால்வருக்கும் ஏழெட்டு வருடம் ஆகியிருக்கிறது என்றால் உங்களுக்கும் அவ்வளவு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன், நன்றியுரையைப் படிப்பேன். கைடைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டு, லேப் நண்பர்களுக்கும் டீக்கடை அண்ணனுக்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அதிலேயே பாதி சேதி இருக்கிறது.

அவரிடம் இடம் இருக்கிறதா என்பதும் கணக்கு. 2022 யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். அதே விதிதான் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம் என்கிறது, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வரை நீளும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை, ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு. இதைக் கேட்டு வாங்கப் பலருக்குத் தயக்கம், சில துறைகளுக்கு இப்படியொரு விதி இருப்பதே நினைவிருக்காது. விதியின் பிரதியை ஃபைலில் வையுங்கள்.

படி 4: கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள்

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், காரணம் இதற்குத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, இருந்தும் செய்கிறவர்கள் குறைவு.

பறக்கும் ரயிலை ஒரு ஆய்வு மாணவரின் கண்ணோடு பாருங்கள். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010இல் திறந்தது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு. காந்தி நகர் பக்கம் எம்.ஐ.டி.எஸ்., 1971இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய ஆய்வு நிறுவனம், பொருளாதாரம், சமூகவியல், வரலாறு படிப்பவர்கள் அங்கே நடக்கும் கருத்தரங்குகளை விடவே கூடாது. சர்தார் படேல் சாலையில் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. தரமணிப் பக்கம் போனால் 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்குள் 1886இலிருந்து இருக்கும் அடையாறு நூலகம். எழும்பூர் பக்கம் போனால் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

நான் முதன்முதலில் எம்.ஐ.டி.எஸ். கருத்தரங்குக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மதியம் மூன்றரைக்கு என்று போட்டிருந்தது, நான் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று மணிக்கே போய், உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் எதிர்ப்பக்க மரத்தடியில் நின்றிருந்தேன். கடைசியில் வாசலில் நோட்டை நீட்டினார்கள், பெயர், கல்லூரி, போன் நம்பர் எழுதினேன், அவ்வளவுதான். பேச்சில் முக்கால்வாசி புரியவில்லை. முடிந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர், "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். பழைய வடசென்னை அச்சகங்கள் பற்றிச் செய்யலாம் என்றிருக்கிறேன் என்று முனகினேன். "அப்ப தரமணி போனீங்களா, ரோஜா முத்தையா லைப்ரரி?" என்றார். அந்தப் பெயரை நான் கேட்டதே அன்றுதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், இதழ், நோட்டீஸ், பாட்டுப்புத்தகம் எல்லாம் அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அங்கே உட்கார்ந்து எடுத்த குறிப்பு.

நடைமுறைக்கு வருகிறேன். கல்லூரி அடையாள அட்டை இல்லாமல் எங்கும் போகாதீர்கள். ஆவணக் காப்பகத்துக்கும் சில ஆய்வு நூலகங்களுக்கும் கைடோ துறைத்தலைவரோ கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் வேண்டும், அதில் ஆய்வுத் தலைப்பும் எந்த ஆண்டு ஆவணங்கள் தேவை என்பதும் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து கடிதம் வாங்கி வையுங்கள். பழைய காகிதம் இருக்கும் இடத்தில் பேனா எடுக்காதீர்கள், பென்சில்தான். கருத்தரங்கில் கேள்வி கேட்பதென்றால் ஒன்று கேளுங்கள், அதுவும் கேள்வியாகவே இருக்கட்டும். நம்மூரில் கேள்வி நேரத்தில் எழுந்து பத்து நிமிடம் தனிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

படி 5: திறமைக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75, இதில் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட்டை விட்டுவிட்டுத் தேர்வில் மட்டும் கலக்கினால் சான்றிதழ் கிடையாது. ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். சான்றிதழ் சேர்ப்பது சிலருக்கு ஸ்டாம்ப் சேர்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது, நேர்முகத்தில் பதினெட்டுச் சான்றிதழையும் காட்டி, அதில் ஒன்றைப் பற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளச் சிரமம் என்றால் ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பக்கம் போங்கள், லேடெக், பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் தமிழ்க் குரலிலேயே இருக்கிறது. மேற்கோள் பட்டியலுக்கு ஜோட்டெரோ என்ற மென்பொருள், அதுவும் இலவசம். இதை முதல் மாதமே பழகுங்கள், ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் நானூறு மேற்கோளைக் கையால் வரிசைப்படுத்திய ஒருவன் சொல்கிறேன்.

படி 6: கட்டுரை

இங்கே ஒரு அவமானக் கதை. எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. பன்னாட்டு ஆய்விதழ், மூன்றே நாளில் வெளியீடு, 1,500 ரூபாய், சான்றிதழ் இலவசம். துறையில் எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் ஜி-பே பண்ணினேன். சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் வந்தது. என் கட்டுரைக்கு முன்னால் கோழிப்பண்ணை, பின்னால் ஜி.எஸ்.டி., நடுவில் நான் எழுதிய அச்சக வரலாறு, அதிலும் என் ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை. பிறகு நேர்முகத்தில் ஒரு அம்மையார் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 விதிக்குப் பின் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யு.ஜி.சி. கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், அதன் விதியைப் பாருங்கள். தரமான இதழ்கள் எவை என்று சொல்ல இருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, "எங்கள் இதழ் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது இன்னும் சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள். இதழ் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, நீங்கள் திரும்பத் திரும்பப் படித்து மேற்கோள் காட்டும் ஐந்து கட்டுரைகள் எந்த இதழில் வந்தன என்று எழுதுவது. உங்களுக்கான பட்டியல் அதுதான்.

படிக்கக் காசு கேட்கும் இதழ்களுக்கு, 2025 ஜனவரியிலிருந்து அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் நடக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே லாகின் வாங்காமல் கிடக்கும் இடங்கள் உண்டு.

எழுத்துத் திருட்டு விஷயத்தில் யு.ஜி.சி.யின் 2018 விதி தெளிவு. 10 சதவீத ஒப்புமை வரை பிரச்சினையில்லை, 10 முதல் 40 வரை திருத்தித் தர வேண்டும், 40 முதல் 60 வரை ஒரு வருடத் தடை, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள் குறி போடாமல் அப்படியே எடுத்த பத்தி உங்கள் சொந்தப் பழைய கட்டுரையாக இருந்தாலும் கேள்வி வரும்.

படி 7: வேலை என்று வரும்போது

எல்லோரும் பேராசிரியர் ஆக முடியாது, ஆக வேண்டும் என்றும் இல்லை. தரமணியில் தெற்கு மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது, ஒரு வருடப் பயிற்சிக்கு நிறுவனங்களில் சேர்த்துவிடும் அமைப்பு. பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், கலை அறிவியல் பட்டதாரிகளும் பதியலாம். நிர்வாகத்தில் ஆர்வம் உள்ளவர்கள் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பாருங்கள். இரண்டு வருடம் அரசுத் துறைகளோடு வேலை, தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், கலை அறிவியலில் முதுகலை முடித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது.

பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், உயரம் எல்லாம் எழுதுவதை நிறுத்துங்கள். அது கல்யாணத் தரகருக்கு.

படி 8: சிபாரிசுக் கடிதமும் வெளிநாடும்

ஃபுல்பிரைட் உதவித்தொகைகளை நடத்தும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையான யு.எஸ்.ஐ.இ.எஃப்.பின் அலுவலகம் ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இயங்குகிறது. இங்கே பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கான ஃபுல்பிரைட் நேரு முனைவர் ஆய்வு ஃபெல்லோஷிப்பில் 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்துவிட்டு வரலாம். ஜெர்மனிக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., குறுகிய கால ஆய்வு உதவியும் தருகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் உண்டு, இதைப் பற்றி எத்தனை கல்லூரிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கேட்டால் நம் சார்களும் மேடம்களும் சொல்லும் பதில் தெரியும்தானே, "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்." அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதம் ஒரே மாதிரிதான் இருக்கும், படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் என்ன பாடம் படித்தேன், எந்தக் கட்டுரையை அவர் திருத்தினார், எந்த வருடம், எதற்கு விண்ணப்பிக்கிறேன், கடைசித் தேதி என்ன. மூன்று வாரம் முன்னால் கேளுங்கள், ஒரு வாரம் முன்னால் நேரில் போய் நினைவூட்டுங்கள். கடிதம் ஏற்றும் இணைப்பு இப்போதெல்லாம் அவருடைய கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் போகும், அவரோ அதைத் திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடுவது நல்லது. நான் ஒருமுறை பார்க்காமல் விட்டேன்.

மாநாட்டுக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஏ.என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை), சி.எஸ்.ஐ.ஆர். போன்ற மத்திய அரசு அமைப்புகளில் பயண மானியம் உண்டு. கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் வரும்வரை காத்திருக்காமல், அனுப்பும்போதே மானியத்தின் காலக்கெடுவையும் பார்த்து வையுங்கள், சில மானியங்கள் பயணத்துக்குப் பல வாரம் முன்பே விண்ணப்பம் கேட்கும். அரசுப் பணத்தில் டிக்கெட் எடுப்பதென்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள், விலை குறைவாக வேறு தளத்தில் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டுப் பின்னால் புலம்பாதீர்கள். போர்டிங் பாஸை, போகும்போதும் வரும்போதும், பாஸ்போர்ட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள். திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கிய கையோடு நான் அதைப் பான்பராக் உறையோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன், பிறகு விமான நிறுவனத்திடம் பயணச் சான்று கேட்டு எழுதி, அது வந்து, பில் பாஸாகிப் பணம் கையில் சேர பதினோரு மாதம் ஆனது.